பாறைவலசில் வேலி பார்த்த ஞாயிறு

அன்று அங்கே இருந்தவர்கள் ஏழு பேர். நான், என் மனைவி ஜெசி, எங்கள் கம்பெனியில் அயர்ன் போடும் மனோஜ், எங்களை அழைத்த தனலட்சுமி, அவள் கணவர் பழனிச்சாமி, காட்டுக்குச் சொந்தக்காரர் சென்னியப்பன், வேலி அடைக்கும் நாச்சிமுத்து. மாடுகள் நான்கு. அதில் ஒன்று நிறைமாதச் சினை. யாரையும் விட்டுவிடக் கூடாது என்று முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

நான் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி ஸ்டோர் பார்க்கிறேன். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் திருப்பூர் பஸ் ஏறியவன். இருபத்திரண்டு வருடத்தில் காங்கேயம் வரை பலமுறை போயிருக்கிறேன், அதைத் தாண்டி இறங்கிப் பார்த்ததில்லை. தனலட்சுமி எங்கள் கம்பெனியில் செக்கிங். கண்ணாடி மேஜைக்குக் கீழே டியூப் லைட் எரியும். அதன் மேல் துணியை ஓட்டிப் பொத்தல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. தினமும் பாறைவலசிலிருந்து கம்பெனி வேனில் வந்து போகிறாள்.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்.

"அண்ணா, வர்ற ஞாயித்துக்கிழமை எங்க காட்டுல வேலி பாக்கறாங்க. அக்காவையும் கூட்டிட்டு வாங்க."

"வேலியில என்ன பாக்க இருக்கு?"

"பொத்தல் இருக்குதான்னு பாப்பாங்க. எங்க போனாலும் எனக்கு அதேதான் வேல."

சிரித்தாளே தவிர, விஷயம் சிரிப்புக்குரியது இல்லை. ஒன்பது ஏக்கர் மேய்ச்சல் காட்டை அவர்கள் குத்தகைக்கு வைத்திருக்கிறார்கள். சித்திரை ஒன்றாம் தேதி குத்தகை புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன் சொந்தக்காரர் வேலியைச் சுற்றிப் பார்ப்பார். பொத்தல் இல்லையென்றால் அதே தொகைக்கு இன்னொரு வருடம் இவர்களுக்கே. இருந்தால் காடு ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் இவர்களால் நிற்க முடியாது. காடு போனால் சினை மாட்டை விற்க வேண்டியதுதான், தீவனம் விலைக்கு வாங்கி வளர்த்தால் கட்டாது என்றாள்.

பக்கத்தில் நின்ற மனோஜ், "அண்ணா, நானும் வர்றேன். மாடு பாத்து ஒரு வருசம் ஆச்சு" என்றான். அவனுக்கு பீகாரில் ஒரு கிராமம். முப்பது வயது, ஊரில் மனைவியும் ஆறு எருமையும் இருக்கின்றன.

காலை 6.40. நல்லூர். சனிக்கிழமை மாலைப் பூசைக்கே போய் வந்துவிட்டோம். ஞாயிறு பூசை தவறிய பாரம் வேண்டாம். இரண்டு பை. தண்ணீர் பாட்டில் நான்கு, குளுக்கோஸ் பாக்கெட், காயத்துக்கு மருந்து, பஞ்சு, குடை, டார்ச் லைட், மாற்றுச் செருப்பு. ஜெசியிடம் பர்ஸ் எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். பஸ்ஸில் கூட்டம், யாராவது அடித்துவிடுவார்கள்.

"ஒரு நாள் போறதுக்கு ஆஸ்பத்திரியையே கட்டித் தூக்கிட்டு வாறிய" என்றாள்.

பஸ் நிறுத்தம் வரை வந்து, பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பூட்டியிருந்தது.

காங்கேயத்துக்கு டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய், மூன்று பேருக்கு அறுபத்தாறு. பத்து நிமிடத்தில் கம்பெனிகள் குறையத் தொடங்கின. படியூர் வந்தபோது பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் ஜன்னலைக் காட்டினார்.

"இந்த மண்ணுல பச்சைக்கல்லு கெடைக்குமுங்க. மழை பேஞ்ச மக்கா நாளு தலையத் தொங்கப் போட்டுட்டு நடக்கறவங்களப் பாத்தீங்கன்னா, அவங்க கல்லுத் தேடறவங்க."

"உங்களுக்குக் கிடைச்சிருக்கா?"

"கழுத்து வலிதானுங்க கெடைச்சுது."

அந்தக் கல் ஒரு காலத்தில் கடல் தாண்டிப் போயிருக்கிறது என்று எங்கோ படித்த நினைவு. பஸ் தாண்டிப் போகும் ஒரு செம்மண் மேட்டிலிருந்து எடுத்த கல், கப்பலேறி, முகம் தெரியாத யாரோ ஒருவர் விரலில். எங்கள் பனியனும் அப்படித்தான் போகிறது. இடது பக்கம் சிவன்மலை வந்தது. ஜெசி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கள் ஊர் செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் இப்படித் திடீரென்று மலை எழும்பி நிற்காது.

7.45. காங்கேயம். டீ பதினைந்து ரூபாய். ஊரைச் சுற்றிக் கொப்பரை உலர்த்தும் களங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை தேங்காய் மூடிகள் வானத்தைப் பார்த்துப் படுத்துக் கிடக்கின்றன. நாலு பேர் காலாலேயே அவற்றைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். காற்றே எண்ணெயாக இருந்தது. மனோஜ் கையை மூக்கில் வைத்துப் பார்த்து, "ஷாம்பு வேணாம் அண்ணா, இங்க நின்னா போதும்" என்றான்.

மினி பஸ் தலைக்குப் பன்னிரண்டு ரூபாய். தென்கிழக்கே பதினொரு கிலோமீட்டர். 'பாறைவலசு பிரிவு' என்று டிரைவர் சத்தம் போட்ட இடத்தில் ஒரு புளியமரமும் ஒரு பெயர்ப்பலகையும் தவிர எதுவும் இல்லை. பஸ் போனதும் வந்த அமைதியில் என் காதுக்குள்ளேயே ஏதோ நின்றுபோன மாதிரி இருந்தது. எங்கள் தெருவில் நிட்டிங் மெஷின் ஓடாத நேரம் கிடையாது.

பழனிச்சாமி காத்திருந்தார். "வாங்க, வாங்க. வெயிலுக்கு முன்னாடியே வந்துட்டீங்க. ஒண்ணரைக் கிலோமீட்டர் நடக்கோணுமுங்க. இட்டேரியில போனா நெழலு."

8.50. இட்டேரி என்பது இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் பாதை. சொல்லிவிட்டேன், ஆனால் சொன்னதில் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் என் தலைக்கு மேல் உயரத்துக்குக் கிளுவை மரம் பின்னிக் கிடக்கிறது. பங்குனியில் ஓர் இலை கிடையாது. சாம்பல் நிறத் தண்டு, கிளை, முள். அதற்குள் இன்னொரு கிளை, இன்னொரு முள். கம்பி இல்லை, கல் இல்லை, சிமெண்ட் இல்லை. ஒரு நாயின் மூக்கு போகாது. முப்பது வருடம் துணி பார்த்தவர்கூட இவ்வளவு நெருக்கமான நெசவைப் பார்த்திருக்க மாட்டார்.

"இதை யாரு நட்டது?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்க. எங்க அப்புச்சி பொறக்கறப்பவே இந்த வேலி இருந்துச்சுங்களாமா. பட்டுப்போன எடத்துல குச்சி நடறோம், அவ்வளவுதானுங்க எங்க வேல."

அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா. நான் வேலியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தேன். எங்கள் தெருவில் உள்ள ஒரு கட்டடமும் இவ்வளவு வயதானது இல்லை. ஆனால் இது இந்த வருடம்கூடத் துளிர்க்கப் போகிறது.

9.15. பாறைவலசு. முப்பது வீடு இருக்கும். வடக்கே நொய்யல், தெற்கே அமராவதி. இரண்டு ஆறுகளுக்கும் நடுவில், இரண்டின் தண்ணீரும் எட்டாத மேடு. ஊருக்கு மேற்கே வெள்ளைக்கல் வரி ஒன்று மண்ணுக்குள்ளிருந்து முதுகெலும்பு மாதிரி துருத்திக்கொண்டு கால் கிலோமீட்டர் ஓடுகிறது. மேற்கு மலையில் இடைவெளி இருக்கிறதாம்; ஆனி ஆடியில் அந்த வழியாக வரும் காற்று, மேகத்தை இந்த ஊர் தலைக்கு மேலேயே கொண்டுபோய்விடும். சொட்டு விழாது. ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் மழை, சித்திரை வைகாசியில் கோடை மழை, அதுவும் நிச்சயம் இல்லை. அதனால் உழுது பிழைக்க முடியாது. புல்லை நம்பித்தான் பிழைப்பு. வலசு என்றால் மாட்டை ஓட்டிக்கொண்டு இடம் பெயர்ந்து வந்தவர்கள் தங்கிய ஊராம். தனலட்சுமி அதைச் சொன்னபோது ஜெசி, "அப்ப நாம இருக்குததும் வலசுதான்" என்றாள்.

காட்டுக்குள் போனோம். கொழுக்கட்டைப் புல் காய்ந்து வைக்கோல் நிறத்தில் முழங்கால் உயரம். அங்கங்கே வெள்வேல மரம் குடை பிடித்து நிற்கிறது. உதிர்ந்த காய்களை மாடுகள் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன. மேய்க்க ஆள் கிடையாது. இரவும் பகலும் உள்ளேயேதான். கன்றுகூட உள்ளேயே போடும். வேலிதான் மேய்ப்பவன்.

நான்கில் மூன்று சாதுவாகத் தலை நிமிர்ந்து பார்த்தன. நான்காவது, மயிலை. சாம்பலும் வெள்ளையும் கலந்த நிறம், கொம்பு வில் மாதிரி, வயிறு இரண்டு பக்கமும் இறங்கியிருந்தது. மனோஜ் பத்தடி தள்ளி நின்று கண்ணாலேயே அளந்தான்.

"நாலு நாள்ல கன்னு போடும். அஞ்சு நாள் இல்லே."

"எப்பிடிங்க சொல்றீங்க?" என்றார் பழனிச்சாமி.

"பின்னாடி எலும்பு எறங்கிடுச்சு. சட்டை பட்டன் கழட்டின மாதிரி."

பழனிச்சாமி அதற்குப் பிறகு என்னிடம் பேசியதைவிட அவனிடம்தான் அதிகம் பேசினார்.

காட்டின் நடுவில் ஒரு கல் நட்டிருக்கிறது. என் நெஞ்சு உயரம். கீழே சொரசொரப்பு, உச்சியில் சொரசொரப்பு, நடுவில் இரண்டு அடி மட்டும் கண்ணாடி. மாடுகள் கழுத்தைத் தேய்த்துத் தேய்த்து அப்படி ஆனதாம். கையை வைத்தேன். அயர்ன் போட்டு எடுத்த துணியில்கூட அந்த வழுவழுப்பு வராது. ஒரு மாடு ஒரு முறை தேய்த்தால் கல்லில் என்ன குறையும்? ஒன்றும் குறையாது. அப்படியானால் எத்தனை மாடு, எத்தனை தடவை? நான் மனதில் கணக்குப் போடப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டேன். எழுத்து வெட்டிய கல்லைப் பார்த்தால் படிக்கத் தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டும். இந்தக் கல்லைத் தொட்டாலே போதும். பக்கத்தில் மண்ணில் உடைந்த சட்டித் துண்டுகள் கிடந்தன, வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு. "மழை பேஞ்சா மேல வருமுங்க. யாரு ஆக்கித் தின்ன சட்டியோ" என்றார் பழனிச்சாமி. ஜெசி ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

கிழக்கு மூலையில், வேலிக்கு வெளியே முப்பதடி தள்ளி, கிணறு. எண்பது அடி ஆழமாம். கைப்பிடிச் சுவர் கிடையாது. மண் பத்தடிதான், அதற்குக் கீழே முழுக்கப் பாறை. வெடி இல்லாத காலத்தில் உளியால் இறங்கியிருக்கிறார்கள். பாறையில் உளிப்பல் இன்னும் தெரிகிறது. அடியில் பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர், அதற்குள் ஒரு துண்டு வானம். ஜெசி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இதன் ஓரத்தில் எப்படி மாடு வைத்துப் பிழைக்கிறார்கள் என்று கேட்டதற்கு, "வேலி இருக்குதல்லங்க" என்றாள் தனலட்சுமி.

பகல் 1.00. அரிசியும் பருப்பும் சாதம், மேலே தேங்காய் எண்ணெய், கத்தரிக்காய். தவக்காலம் என்று எங்களுக்காகக் கோழி அடிக்கவில்லை. மனோஜுக்கு மட்டும் முட்டை. சாப்பிட்டதும் எல்லோரும் வேப்பமரத்தடியில் சாய்ந்தார்கள். எனக்குப் புது இடத்தில் பகலில் தூக்கம் வராது. அந்தக் கல்லை இன்னொரு முறை தொட்டுப் பார்க்கலாம் என்று தனியாகக் கிளம்பினேன்.

1.40. காட்டின் ஓரத்தில், வேலியில் ஒரு திறப்பு. அதற்கு அப்பால் சின்ன முற்றமும் கல் தொட்டியும். திறப்பில் முள்ளும் குச்சியும் வைத்துக் கட்டிய படல் ஒன்று சாய்த்து வைக்கப்பட்டு, ஒரு மாடு நுழையும் அகலத்துக்குத் திறந்து கிடந்தது. மாலை நான்கு மணிக்குச் சொந்தக்காரர் வருகிறார், இவர்கள் வேலியைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். எங்கள் ஸ்டோரில் கதவு அரை அடி திறந்திருந்தாலும் பஞ்சும் தூசியும் துணியில் ஏறும்; இருபத்திரண்டு வருடமாகத் திறந்த கதவைப் பார்த்தால் என் கை தானாகவே மூடும்.

படலை இழுத்துப் பொருத்தினேன். நிற்கவில்லை. சட்டைப் பையில் துணி ரோல் கட்டும் பனியன் நாடா எப்போதும் இருக்கும். எடுத்து, படலின் ஓரக் குச்சியைப் பக்கத்துக் கிளுவை மரத்தோடு சேர்த்து, ரோலுக்குப் போடும் முடிச்சையே போட்டேன். அது இழுக்க இழுக்க இறுகும். கத்தரி இல்லாமல் பிரிக்க முடியாது. ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியில் திரும்பி வந்து, அதிசயமாகத் தூங்கியும் போனேன்.

3.10. தனலட்சுமியின் குரலில்தான் எழுந்தேன்.

"மயிலையக் காணமுங்க!"

ஓடினோம். மூன்று மாடுகள் படலுக்கு முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் தொட்டி நிறையத் தண்ணீர். பழனிச்சாமி படலை இழுத்தார், வரவில்லை. நாடாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தொறந்து கிடந்துச்சு..." என்றேன்.

"அது தண்ணிக் கடவுங்க. அது வழியாத்தான் தண்ணிக்கு வரும். தொட்டிய சுத்தியும் வேலி இருக்குதுங்கல்ல."

இருந்தது. நான் பார்க்கவில்லை.

மயிலை ஒரு மணி நேரம் தாகத்தோடு நின்று பார்த்துவிட்டுக் கிழக்கு மூலைக்குப் போயிருக்கிறாள். அங்கே போன வருடம் பட்டுப்போன இரண்டு கிளுவைக்குப் பதில் முள் வைத்து அடைத்த இடம். அதை நெஞ்சால் தள்ளிக்கொண்டு வெளியே போயிருக்கிறாள். கிணறு இருக்கும் மூலை அதுதான்.

மனோஜ்தான் முதலில் கிணற்று ஓரத்துக்குப் போய், குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தான். எழுந்து கையை ஆட்டினான். "இல்லே! உள்ளே இல்லே!" பிறகு மண்ணில் குளம்படி பார்த்துக்கொண்டே ஓடினான். அடுத்த தோப்பில் தென்னைக்குச் சொட்டுநீர் விடும் தொட்டியில் வாயை வைத்து நின்றாள் மயிலை. கழுத்தில், நெஞ்சில் முள் கீறி ரத்தக் கோடுகள். மனோஜ் அவள் பக்கத்தில் போகவில்லை. அவள் குடித்து முடிக்கும் வரை தள்ளி உட்கார்ந்து, அவன் பாஷையில் ஏதோ பேசிக்கொண்டே இருந்தான். பிறகு முன்னால் நடந்தான். அவள் பின்னால் வந்தாள். நான் கொண்டுபோன காய மருந்து அவளுக்குத்தான் உதவியது.

மணி மூன்று ஐம்பது. பழனிச்சாமியும் மனோஜும் காய்ந்த பழைய முள்ளாகத் தேடி எடுத்து அந்த இடத்தை அடைத்தார்கள். பச்சை முள் வைத்தால் நிறம் காட்டிக்கொடுக்கும். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் தெரியவில்லை. முடிச்சோடு மல்லுக்கட்ட நேரமில்லாததால், கட்டியிருந்த ஓரக் குச்சியை முறித்துப் படலை மட்டும் உருவி ஓரமாக வைத்தார்கள். முடிச்சு மரத்திலேயே இருந்தது.

தனலட்சுமி எல்லோரையும் பார்த்தாள். "யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க." பிறகு தனியாக, "அண்ணா, உங்களத்தான் சொல்றேன்."

"நான் ஏன்மா சொல்லப் போறேன்" என்றேன்.

"இவிய வாய நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் ஜெசி.

4.00. சென்னியப்பன் வந்தார். அறுபது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை, கையில் மூங்கில் கோல். கூடவே தோளில் அரிவாளோடு நாச்சிமுத்து.

வேலி பார்க்கும் முறை இதுதான். சொந்தக்காரர் வேலிக்கு வெளியே நடப்பார். குத்தகைக்காரர் உள்ளே நடப்பார். இருவரும் ஒரே வேகத்தில், பேசிக்கொண்டே போக வேண்டும். வெளியே இருப்பவருக்கு உள்ளே இருப்பவரின் கால் தெரிந்தால் அது பொத்தல். கிளுவை இலை உதிர்த்து நிற்கும் பங்குனியில்தான் இது முடியும்; இலை வந்தால் எல்லாம் மூடிக்கொள்ளும். செக்கிங் மேஜைக்கு அடியில் எரியும் விளக்கு மாதிரி, இவர்களுக்கு வெயில்.

"டவுன்காரரா? வாங்க, எங்கூட வெளிய வாங்க. வேலின்னா என்னன்னு காட்டறேன்" என்றார் சென்னியப்பன். ஜெசி, தனலட்சுமி, மனோஜ் மூவரும் பழனிச்சாமியோடு உள்ளே நடக்க, நான் வெளியே மாட்டிக்கொண்டேன்.

நடந்தோம். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பழனிச்சாமியின் குரல் மட்டும் கூடவே வந்தது. கால் தெரியவில்லை. ஓர் இடத்திலும் தெரியவில்லை. அந்தக் குரல் மரத்துக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. எண்ணூறு மீட்டர் சுற்றளவு. மனிதன் ஊசி நூல் இல்லாமல், செடியை மட்டும் வைத்து, பொத்தல் இல்லாமல் எண்ணூறு மீட்டர் செய்திருக்கிறான். எங்கள் ஸ்டோருக்கு ஐம்பது மீட்டர் துணி பொத்தல் இல்லாமல் வந்தால் டையிங்காரருக்குப் போன் போட்டுச் சொல்வேன்.

"இந்த வருசம் கடலை எப்பிடி, பழனிச்சாமி?"

"ஊருக்குள்ள யாரும் போடலீங்க."

"மாடு?"

"நல்லா இருக்குதுங்க."

கிழக்கு மூலை வந்தது. சென்னியப்பன் கோலால் வேலியைத் தட்டிக்கொண்டே போனார். அந்த இடத்தையும் தட்டினார். கடந்தார். உள்ளேயிருந்து யாரோ மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

பத்தடி போனேன். இடது பக்கம் கிணறு. அடைத்த பொத்தல் முதல் சலவையில் திறந்துகொள்ளும், அது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஒரு தடவை போன வழியில் மாடு மறுபடி போகும். இன்னும் நான்கு நாளில் கன்று போடப் போகிறவள். ராத்திரி வந்தால்? முப்பதடிதான்.

"ஐயா" என்றேன். "அங்க ஒரு பொத்தல் இருக்கு. முள்ளு சும்மா வச்சிருக்கு. மாடு வந்தா நிக்காது."

வேலிக்கு உள்ளே நடை நின்றது. பிறகு தனலட்சுமியின் குரல், மெல்ல: "அண்ணா..."

அந்த ஒரு வார்த்தை போதும். அங்கேயே மண் பிளந்தால் போயிருப்பேன்.

சென்னியப்பன் திரும்பி வந்து, கோலை முள்ளுக்குள் விட்டு நெம்பினார். முள் பெயர்ந்து விழுந்தது. உள்ளே பழனிச்சாமியின் இரண்டு கால்கள் முழங்கால் வரை தெரிந்தன.

"பழனிச்சாமி, இதென்னப்பா?"

"மாடு போயிருச்சுங்க. இன்னைக்கு மத்தியானம்."

"நல்ல வேலின்னா மாடு எப்பிடிப் போகும்?"

நாச்சிமுத்து குறுக்கே வந்தார். "தாகத்துல இருக்கற மாட்டுக்குக் கல்லுச் செவுரே நிக்காதுங்க."

"தொட்டியில தண்ணி இல்லியா?"

"தண்ணி இருந்துச்சு. நாந்தான் கடவ மூடிட்டேன்" என்றேன். "தொறந்து கிடக்குன்னு பயந்து மூடிட்டேன். அவங்க யாருக்கும் தெரியாது."

"இவிய ஊட்டுக் கதவையே மூணு தடவ பூட்டுதவிய!" என்று வேலிக்குள்ளிருந்து ஜெசி கத்தினாள். எனக்காகப் பேசுகிறாளா, எனக்கு எதிராகவா என்று புரியவில்லை.

சென்னியப்பன் என்னை நம்பவில்லை. விருந்தாளி பழியை ஏற்றுக்கொள்கிறார் என்றே நினைத்தார். "காட்டுங்க" என்றார். எல்லோரும் தொட்டிக்குப் போனோம். முடிச்சு மரத்தில் இருந்தது. ரோஸ் நிறப் பனியன் நாடா. அந்தக் காட்டில் அந்த நிறத்தில் வேறு எதுவும் கிடையாது.

"அவுத்துப் பாருங்க" என்றார் நாச்சிமுத்துவிடம்.

நாச்சிமுத்து நகத்தால் பார்த்தார். இழுத்தார், இன்னும் இறுகியது. பல்லால் கடித்தார். சென்னியப்பன் தானே குனிந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முயன்றார். ஐந்து நிமிடம் பாடுபட்டார்.

"அய்யா, சிஸர் வேணும்" என்றான் மனோஜ். "அது கம்பெனி முடிச்சு. நான் தினம் வெட்றேன்."

சென்னியப்பன் நிமிர்ந்தார். நாடாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம்தான் இருந்தது, ஆனால் வாயின் ஓரம் வேறு பக்கம் போனது.

"இந்தக் காட்டுக்காரன் எவனும் இப்பிடி முடிச்சுப் போட மாட்டான்" என்றார். பிறகு உள்ளே நின்ற தனலட்சுமியைப் பார்த்துச் சொன்னார்: "மாடு போட்ட பொத்தல்னா குத்தகைக்காரங்க கணக்கு. மனுசன் போட்டதுன்னா அந்த மனுசன் கணக்கு. சித்திரை ஒண்ணாந்தேதி ஊட்டுக்கு வாங்க, கண்ணு. பழைய தொகையே."

தனலட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மாடுகள் பக்கம் போய்விட்டாள்.

5.00. அந்த மனிதனின் கணக்கு நாச்சிமுத்துவின் ஒரு நாள் கூலி, எண்ணூறு ரூபாய். அதே வேலியிலிருந்து கிளுவைக் குச்சி பதினான்கு வெட்டினார். கடப்பாரையால் குழி போட்டு, ஒன்றை ஒன்று பின்னி நட்டார். வெட்டிய குச்சி காய்ந்த விறகு மாதிரிதான் இருந்தது.

"இதுக்குத் தண்ணி ஊத்த வேண்டாமா?"

"வேண்டாமுங்க. மழைக்காகக் காத்திருக்கும்."

"மழை வரலன்னா?"

"அப்பவும் காத்திருக்கும்."

கடைசிக் குச்சியை என் கையில் கொடுத்து நடச் சொன்னார். நேராக நிற்கிறதா என்று நான்கு பக்கமும் போய்ப் பார்த்தேன். நாச்சிமுத்து சிரித்தார்.

என்னிடம் இருந்தது ஐந்நூற்று அறுபது. திரும்பிப் போக நூற்று இரண்டு வேண்டும். நானூற்று ஐம்பது கொடுத்தேன். ஜெசி பர்ஸ் எடுத்து வரவில்லை, காரணம் நான். மனோஜ் பையில் கை விட்டான்; "நீங்க குடுக்கப்படாது. போட்டவருதான் குடுக்கோணும்" என்று சென்னியப்பன் தடுத்தார். போனில் அனுப்புகிறேன் என்றதற்கு நாச்சிமுத்து தலையை ஆட்டினார்.

"எனக்குக் கையில வந்தாத்தானுங்க காசு. வைகாசியில வாங்க. துளுத்திருக்கும். பாத்துட்டு மிச்சத்தக் குடுங்க."

"துளுக்கலன்னா?"

"அதையும் வந்து பாருங்க."

6.10. இட்டேரி வழியாகத் திரும்பினோம். தனலட்சுமி பிரிவு வரை வந்தாள். வழியெல்லாம் ஜெசியோடுதான் நடந்தாள். மினி பஸ் வெளிச்சம் தெரிந்தபோதுதான் சொன்னாள். "நீங்க சொல்லாம இருந்திருந்தா, இன்னைக்கு ராத்திரி நான் அந்த மூலையிலதான் படுத்திருப்பேன், அண்ணா. ஆனா அடுத்த தடவ மத்தியானம் நீங்களும் எங்களோடயே தூங்கிப்போடோணும்."

நல்லூரில் என் வாடகை வீட்டுக்கு இரும்புக் கேட், மரக்கதவு, அதில் இரண்டு பூட்டு. அன்று பூட்டை ஒரு தடவைதான் இழுத்துப் பார்த்தேன். அங்கே முப்பது வீட்டில் ஒன்றில்கூட நான் பூட்டுப் பார்க்கவில்லை. யார் நட்டது என்று தெரியாத ஒரு வேலியை நம்பி, நிறைமாதச் சினை மாட்டைக் கிணற்றுக்கு முப்பதடியில் விட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். அதில் பதினான்கில் ஒரு குச்சி நான் நட்டது.

வியாழக்கிழமை செக்கிங் மேஜையிலிருந்து தனலட்சுமி கையைக் காட்டிக் கூப்பிட்டுச் சொன்னாள். மயிலை அதிகாலையில் கிடாரிக் கன்று போட்டிருக்கிறாள். மனோஜ் சொன்ன கணக்கு சரி.

கோடை மழை இன்னும் வரவில்லை. தினமும் தென்கிழக்கே பார்க்கிறேன். நாச்சிமுத்துவுக்கு நான் தர வேண்டியது முந்நூற்று ஐம்பது ரூபாய்.